அரக்கோணம் வரைக்கும் ஒரு கைக்குட்டை

நேற்று காலை திவ்யாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். "அக்கா, எனக்கும் புனேலயே வேல கெடச்சிகீது. அங்க மாசத்துக்கு இன்னா செலவாகும்னு ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புக்கா. வூட்ல காட்டணும்." அவள் குரலுக்குப் பின்னால் மலைக்கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை இரண்டாம் முறை கேட்டேன். செலவுக்காக அல்ல, பாட்டுக்காக.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். அறை வாடகை, மதியம், ராத்திரி, பஸ், போன். 'காலை' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கு இதே மாதிரி ஒரு பட்டியல் எழுதித் தந்தார்கள். அதில் காலை என்ற வார்த்தைக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடுதான் இருந்தது. ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கோடு போடச் சொன்னது நான்தான்.

அப்போது நான் அம்பத்தூரில், மருந்துப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். தினமும் திருத்தணியிலிருந்து மின்சார ரயில். கழுத்தில் கம்பெனி அட்டை, பையில் சீசன் டிக்கெட். இரண்டையும் நான் சுமந்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. என் நைனா மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா அடிவாரத்தில் பூ விற்பவள். சொந்தக்காரர்கள் யார் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது என்னிடம்தான் வரும். கரண்ட் பில்லைக்கூட நான் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிப்பேன்.

எங்கள் வீட்டில் காலையில் சாப்பிடும் பழக்கம் கிடையாது. அம்மா விடியுமுன் எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, என் மதிய டப்பாவைக் கட்டி வைத்துவிட்டுப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். அவளும் நைனாவும் பத்து மணிக்கு மேல் அடிவாரத்தில் ஏதாவது சாப்பிடுவார்கள். நான் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவேன். யாராவது கேட்டால், "நான் காலையில சாப்புடறதில்ல" என்பேன். கொஞ்சம் கெத்தாகவே சொல்வேன்.

ரயில் எங்கள் ஊரில்தான் புறப்படும். சீக்கிரம் போய்விட்டால் லேடீஸ் பெட்டி முழுக்க நமக்குத்தான். மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகளோடு ஊர் திரும்பும் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும். அந்த ஈரச் சந்தன வாசம் ஜன்னல் கம்பியின் இரும்பு வாசத்தோடு கலந்து வரும். இங்கே புனேயில் ஒரு தடவை சோப்புக் கடையில் அது மாதிரி ஏதோ வந்தது. வேண்டாத சோப்பு இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு ஜன்னலோரம். பக்கத்தில் ஜோதிம்மா. ஆந்திரா பக்கத்துக்காரர், எங்கள் ஊரில் தங்கி வில்லிவாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்குப் போய்வந்தார். எதிர் ஜன்னலில் என் கைக்குட்டை விரிந்திருக்கும். அது அரக்கோணத்தில் ஏறும் வசந்தா அக்காவுக்கு. ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்தவர். அதற்கு அடுத்த இடத்தில் ஜோதிம்மாவின் குடை படுத்திருக்கும். அது திருவாலங்காட்டில் ஏறும் கலா டீச்சருக்கு. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

அரக்கோணத்தில் கூட்டம் மோதிக்கொண்டு ஏறும்போது அந்தக் கைக்குட்டைக்கு இருந்த மரியாதை வீட்டுப் பத்திரத்துக்குக்கூடக் கிடையாது. எப்போதாவது புதிதாக வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

"இன்னாம்மா, துணிக்கெல்லாம் டிக்கெட் எடுத்துகிறியா?"

"ஆங், எடுத்துகீதும்மா. பாஸ் காட்டட்டா?" என்பார் ஜோதிம்மா. அதற்குள் வசந்தா அக்கா இடித்துக்கொண்டு வந்து கைக்குட்டையின் மேலேயே உட்கார்ந்துவிடுவார். மூன்று வருடத்தில் அவர் அதை எடுத்துவிட்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

திருவாலங்காடு தாண்டியதும் டப்பாக்கள் திறக்கும். வசந்தா அக்காவின் பொடி இட்லி, நல்லெண்ணெய் மினுங்க. டீச்சரின் எலுமிச்சை சாதம். ஜோதிம்மா கொண்டுவருவது ஒரு சின்ன பாட்டிலில் புளிச்சகீரைத் தொக்கு, அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் மற்ற இரண்டும் இறங்காது. நான் எதுவும் கொண்டுபோனதில்லை. காலையில் சாப்பிடாதவள் இல்லையா? ஆனால் இந்தப் பக்கம் ஒரு இட்லி நீளும், அந்தப் பக்கம் மூடியில் ஒரு பிடி சாதம் வரும். "டேஸ்ட் பாருடி" என்பார்கள். பார்ப்பேன். தினமும் பார்ப்பேன். டேஸ்ட் பார்ப்பது சாப்பிடுவதாகாது என்று நான் உண்மையிலேயே நம்பினேன். யாரிடமும் கை நீட்டிச் சாப்பிடாதவள் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

புனே வேலை வந்தபோது அதை முதலில் சொன்னது வீட்டில் அல்ல, அந்தப் பெட்டியில்தான். சம்பளம் இருபத்தெட்டாயிரம். அம்பத்தூரில் பதினாறு. எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அம்மாவுக்கு முழங்காலில் வலி வந்திருந்தது. மாதம் பத்தாயிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவள் விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம்.

"பத்து நிக்குமா பாக்கலாம், இரு" என்று டீச்சர், திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களிலிருந்து எழுதாத ஒரு தாளை உருவினார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். "வாடகை?"

"ஒம்பதாயிரம். ஒரே ரூம்ல மூணு பேரு."

"அடிப்பாவி!" என்றார் வசந்தா அக்கா. "ஒம்பதாயிரத்துக்கு எங்க தெருல மாடியும் வுட்டு, மாட்டுக் கொட்டாயும் வுடுவாங்க."

"மாடும் குடுப்பாங்களா கேளு" என்றார் ஜோதிம்மா.

மதியம், ராத்திரி, பஸ், போன், வருடத்தில் இரண்டு முறை ஊருக்கு வர டிக்கெட். டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கணக்கு டீச்சர் என்பதால் சோப்பு, ஷாம்பூவையும் விடவில்லை. "காலை டிபனுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் போடாதீங்க டீச்சர். நான்தான் காலையில சாப்புடறதில்லையே."

அதைச் சொன்னபோது என் வாயில் வசந்தா அக்காவின் இட்லி இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் வசந்தா அக்காவைப் பார்த்தார், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஆமா, இவ எங்க சாப்புடறா, கோழி கணக்கா கொத்தினுகிறா" என்று ஜோதிம்மா தொக்கு பாட்டிலை என் பக்கம் தள்ளினார். டீச்சர் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். கூட்டிப் பார்த்தால் பத்தாயிரம் மிஞ்சியது. சரியாக நின்றது. நாலு பேரும் கைதட்டினோம்.

புனேயில் மூன்றாம் நாள், ஆபீஸில் பத்து மணிக்கு என் கை நடுங்கியது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். நாலாம் நாளும் நடுங்கியது. எதனால் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. படித்தவள்தான், என்ன செய்வது? புரிந்த பிறகும் காலைக்கு எதிரே இருந்த அந்தக் கோட்டை நான் மாற்றவில்லை. மாற்றினால் பத்து ஒன்பதாகிவிடும். ஊரில் எல்லோரிடமும் பத்து என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அம்மா போனில் "சாப்ட்டியா?" என்று கேட்பாள். "ஆங், சாப்ட்டேன்" என்பேன். நாலு மாதம் அப்படியே ஓடியது.

அறையில் என்னோடு இருந்த இரண்டு பெண்களும் நல்லவர்கள். தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு கட்டிலில், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒருநாள் காலை அவர்களில் ஒருத்தி கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து அவல் உப்புமா கிண்டினாள். எலுமிச்சை பிழிந்தாள். அந்த வாசத்தில் என் கை தானாகவே லேசாக முன்னால் போனது. டப்பாவின் மூடியை வாங்கப் போவது மாதிரி. அவள் பார்க்கவில்லை. கையை மடக்கிக்கொண்டு, செருப்பை மாட்டி, கீழே போய், தெருமுனை வண்டியில் ஒரு தட்டு அதே அவல் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பசி போய்விட்டது. வேறொன்று போகவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் அந்த வண்டிக்குப் போனேன். அந்த மாதம் ஒன்பதாயிரம் அனுப்பினேன். அம்மாவிடம் சொல்ல ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. நான்தான் வேறொன்று கேட்டேன். போனில் பின்னால் பஸ் ஹாரனும் நாலைந்து பெண்கள் சிரிக்கிற சத்தமும் வந்தது.

"எங்கம்மா கீற?"

"மார்க்கெட்லதான்."

"இன்னுமா போய்கினு கீற? போகாதன்னுதான நான் இங்க வந்தேன்."

"வூட்ல ஒண்டியா குந்தினு இன்னாடி பண்றது? இங்க நாலு பேர் கீறாங்க. பேசினே பூ கட்டினா கால் வலி தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் போனை வைத்துவிட்டேன்.

திவ்யாவின் பட்டியலில் காலைக்கு நாற்பது ரூபாய் போட்டு, அதை மாதத்தின் வேலை நாள் இருபத்தாறால் பெருக்கி அனுப்பிவிட்டேன். மற்றதை எழுத வார்த்தை வரவில்லை. வந்தாலும் அதை எந்த வரியில் எழுதுவது?

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். பழைய கம்பெனியில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதே ரயில். வசந்தா அக்கா ஓய்வு பெற்றது தெரியும். டீச்சருக்கு வீட்டுப் பக்கத்திலேயே மாறுதல் கிடைத்ததும் தெரியும். எங்கள் வாட்ஸப் குழுவில் வாழ்த்துச் சொன்னோம், பிறகு கொஞ்ச நாள் காலை வணக்கப் படங்கள் வந்தன, பிறகு அவையும் இல்லை. ஜோதிம்மாவின் எண்ணை அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. ஆனாலும் அவர் மட்டுமாவது இருப்பார் என்று நினைத்து, ஐந்து மணிக்கே எழுந்து என் கையால் பன்னிரண்டு இட்லி வார்த்து, பொடி தடவி எடுத்துக்கொண்டு போனேன்.

ஜோதிம்மா வரவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. மொட்டையடித்த ஒரு குழந்தை எதிர்ப் பக்கம் தூங்கியது. சந்தன வாசம் அப்படியே இருந்தது.

அரக்கோணத்தில் கூட்டம் ஏறியது. ஆபீஸ் பையோடு என் வயதுப் பெண் ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். "ஏங்க, இங்க ஆள் வராங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். எதிர் ஜன்னலோரத்தில் என் கைக்குட்டை விரிந்திருந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது. பிளாட்பாரத்தை ஒரு முறை பார்த்தேன், கடைசி ஆள் ஏறும்வரை.

"இல்லங்க. உக்காருங்க" என்று அதை எடுத்துக்கொண்டேன்.

அவள் உட்கார்ந்து, காதில் பாட்டை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். திருவாலங்காடு தாண்டியதும் டப்பாவைத் திறந்தேன். ஒரு இட்லி தின்றேன். மீதி பதினொன்றும் அம்பத்தூர் வரைக்கும் வந்தன.