பங்கில்லாத மகள்

என் நாத்தனார் மில்காள் ஒரு குடியானவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவன் காய்ச்சலில் செத்ததும், மூன்று வயது மகள் திர்சாளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆனதோத் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். நாங்கள் ஆண்டவருக்குப் பலி செலுத்தும் ஆசாரியர் குடும்பம். எங்களுக்கு வயல் கிடையாது. பலியிட்ட ஆட்டின் தொடையும், ஊரார் எடுத்துவைக்கும் தானியமும் எண்ணெயும்தான் எங்கள் சாப்பாடு. அந்தப் பங்கில் மில்காள் கை வைக்கக்கூடாது. வெளியாளைக் கட்டியவள் விதவையாகி வந்தால், பிள்ளை இல்லாவிட்டால்தான் அப்பன் வீட்டுப் பங்கைச் சாப்பிடலாம். பிள்ளை இருந்தால் இல்லை. முறையாம் முறை! நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருஷம் மழையும் பொய்த்துவிட்டது. அறுத்த வயல்களில் கதிர் பொறுக்கி வந்து, மில்காள் தனி அடுப்பில் கஞ்சி காய்ச்சினாள். ஒரே முற்றம். எங்கள் சட்டியில் கறி கொதிக்கும், அவள் சட்டியில் வெறும் தண்ணீர்தான் கொதிக்கும். திர்சாள் வாசனை பிடித்துக்கொண்டு என் காலையே சுற்றிச் சுற்றி வருவாள்.

ஒருநாள் மனசு கேட்காமல் ஒரு கரண்டி சாற்றை அவள் வாயருகே கொண்டுபோனேன். மாமனார் இம்மேர் என் கையைத் தட்டிவிட்டார்.

"என்னம்மா பண்ற? ஆண்டவருக்குன்னு எடுத்துவச்சது அது. கண்டவங்க வாயில வைக்கலாமா?"

"கண்டவங்களா? உங்க பேத்தி மாமா! காசு குடுத்து வாங்கின அடிமைப் பொண்ணு இதே சட்டியில மூக்குமுட்டத் தின்னுறா. அவ தின்னலாம்னா, பேத்தியையும் காசு குடுத்து வாங்கிப்போடுங்களேன்!"

"வாய மூடு!"

மில்காள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "விடுங்க அண்ணி. அப்பாவ ஏன் பாவத்துல தள்ளுறீங்க?"

அவளையும் இரண்டு அறை அறையலாம் போலிருந்தது எனக்கு.

குளிர் தொடங்கிய வாரம் திர்சாள் செத்துப்போனாள். தூக்கியபோது கனமே இல்லை. பேத்தியே ஆனாலும் ஆசாரியன் பிணத்தின் அருகே வரக்கூடாது என்று, மாமனார் தெருமுனையில் நின்று அழுதார். நானும் மில்காளும்தான் அடக்கம் செய்தோம்.

எங்கள் தீட்டு கழிந்த அன்று, மாமனாரே ஒரு தட்டு நிறைய தொடைக்கறியை எடுத்து வந்தார். மகளுக்குச் சோறு போட அவர் எவ்வளவு ஏங்கியிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. 

"சாப்பிடும்மா. இனிமே உனக்குத் தடை ஒண்ணும் இல்ல."

மில்காள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டை வாங்கினாள், சாப்பிட்டாள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு, எலும்பைக்கூட விடவில்லை. முடித்துவிட்டுத் தட்டை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா, அண்ணி?"