பரமேஸ்வரி கழித்த ஆறு மில்லிமீட்டர்

1. போஞ்சிப் பந்தல்

மழைமானி பொருத்தப் போன முதல் நாளே, நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த ஒரு போஞ்சிப் பந்தலைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

அப்போது நான் பதுளையில், மண்சரிவு முன்னெச்சரிக்கை வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில், ஓய்வுக்குச் சில வருஷங்களே மிச்சமிருந்த தொழில்நுட்ப உதவியாளர். தமிழ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் தோட்டம் என்று எது வந்தாலும் என் தலையில் கட்டிவிடுவார்கள். அன்று கட்டியது ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மலைச்சரிவுக்கு நேர் கீழே, ஒரே கூரையில் வரிசையாக வீடுகள் கொண்ட ஒரு லயம், அதில் பதினெட்டு குடும்பங்கள். சரிவில் வெடிப்பு கண்டிருந்தது. வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதாகச் சொல்லி வருஷங்கள் ஓடிவிட்டன. அதுவரைக்கும் அவர்கள் உயிருக்குக் காவலாக நாங்கள் கொண்டுபோனது கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயும் அதன் மேலே வைக்கும் புனலும்தான்.

கணக்கு சுலபம். ஒரு நாளில் எழுபத்தைந்து மில்லிமீட்டர் தாண்டினால் எங்களுக்கு உடனே சொல்ல வேண்டும். நூறு தாண்டினால் சாமான்களைக் கட்டித் தயாராக இருக்க வேண்டும். நூற்றைம்பது தாண்டினால் லயத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஆனால் மழைமானிக்குப் பக்கத்தில் மரம் இருக்கக்கூடாது, கூரைத் தண்ணீர் சொட்டக்கூடாது. அந்தச் சரிவில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைசி வீட்டு வாசல். அங்கேதான் அந்தப் பந்தல்.

வீட்டுக்காரி பரமேஸ்வரி. கொழுந்து பறிப்பவர், நாற்பது வயதிருக்கும். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். பந்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காய்க்கிற நேரம் பாத்து வந்திருக்கீங்களே சேர்," என்றார். பிறகு தானே குச்சிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

வாசிப்பாளர் என்ற இடத்தில் தோட்டத்து கிளார்க்கின் பெயர் என் தாளில் இருந்தது. அவர் இருப்பது இரண்டு மைல் மேலே, தேயிலை பெக்டரிக்குப் பக்கத்தில். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் இராசு சிரித்துவிட்டார். "மழை இங்க பெய்யும், அவரு அங்கருந்து எட்டிப் பாப்பாரா? வாசல்ல இருக்கிறத வாசல்ல இருக்கிறவங்கதாங்க பாக்கணும்."

ஆகவே பரமேஸ்வரிக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். குழாயைக் கண் மட்டத்தில் பிடிப்பது, நீரின் அடிவளைவைப் பார்ப்பது, கொப்பியில் எழுதுவது, பெரட்டுக்குப் போகுமுன், அதாவது காலையில் வேலை பிரிக்கக் கூடும் இடத்துக்குப் போகுமுன், எனக்கு போனில் கோல் எடுத்துச் சொல்வது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டது இவ்வளவுதான்.

"நான் எழுதுறத யாரு பாப்பாங்க?"

"நான் பார்ப்பேன். எங்க பொறியியலாளர் பார்ப்பார்."

"அவரு ஒத்துக்குவாரா?"

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். ஒத்துக்குவார் என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

2. குறையும் எண்

மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் காலை ஆறரைக்கு கோல் வந்தது. "வணக்கம் சேர். நேத்து பன்னெண்டு." அவ்வளவுதான் பேச்சு.

பிரச்சினை ஐப்பசி மழையில் தொடங்கியது. அந்த மலையின் அடுத்த முதுகில் ஒரு பாடசாலையிலும் மழைமானி இருந்தது, ஓர் ஆசிரியர் வாசித்தார். தூறல் நாட்களில் இரண்டு இடத்து எண்ணும் ஒன்றுபோல இருக்கும். அடைமழை நாட்களில் மட்டும் பரமேஸ்வரியின் எண் குறையும். ஐந்து, ஆறு, சில நாள் பத்து.

எங்கள் பொறியியலாளர் சிங்களவர், நிதானமான மனிதர். பதிவேட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மழை கூடினால் இந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. எழுபத்தைந்து போக வேண்டிய இடத்தில் எழுபது என்று சொன்னால் நாம் தூங்கிவிடுவோம். அங்கே இருப்பவர்கள் புதைந்துவிடுவார்கள். மானியைக் கழற்றி பெக்டரியில் வையுங்கள்."

அவரிடம் தப்பில்லை. தப்பு என்னிடம். மொழிபெயர்ப்புத் தமிழிலும் நல்ல சிங்களத்திலும் ஒரு கடிதம் தயாரித்தேன். 'வாசிப்பாளரின் கல்வித் தகைமை போதாமையினால்' என்று அதில் ஒரு வரி. யாரும் சொல்லாமல் நானே எழுதிய வரி. அதன் பிரதி இன்றைக்கும் அலுவலகக் கோப்பில் என் கையெழுத்தோடு இருக்கிறது.

இதை எழுதியவன் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பசறைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்த அம்மாவின் உழைப்பில் படித்து, அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவன். உத்தியோகம் வந்ததும் கண் கொஞ்சம் உயரத்தில் போய் நின்றுகொண்டது.

3. தண்ணிக்குக் கழிச்சது

பௌர்ணமி விடுமுறை நாளாகப் பார்த்துப் போனேன். பெரட்டு இருக்காது, பரமேஸ்வரி வீட்டில் இருப்பார். வருகிறேன் என்று மட்டும் முதல் நாள் சொல்லியிருந்தேன், எதற்கென்று சொல்லவில்லை. கடிதம் பைக்குள் இருந்தது. இரவு முழுக்க நல்ல மழை. அவர் வாசிக்காமல் எனக்காகக் காத்திருந்தார். பிளேன்டீ வைத்துக் கொடுத்தார், அதைக் குடிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எனக்கு முன்னால ஒருக்கா வாசிங்க," என்றேன்.

குழாயை எடுத்தார். கண் மட்டத்தில் பிடித்தார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அழகாகப் பிடித்தார். "எண்பத்தி நாலு," என்றார். நானும் பார்த்தேன். எண்பத்து நான்குதான்.

பிறகு கொப்பியைத் திறந்து எழுபத்தெட்டு என்று எழுதினார்.

"என்னம்மா, எண்பத்தி நாலுன்னு சொல்லிட்டு எழுபத்தெட்டுன்னு எழுதுறீங்க?"

"தண்ணிக்கு ஆறு கழிச்சேன் சேர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மழையே தண்ணிதானேம்மா. தண்ணியில தண்ணியக் கழிச்சா எப்பிடி?"

அவர் சிரிக்கவில்லை. "மடுவத்துல கொழுந்து நிறுக்கிறப்போ, மழ நாள்ல தண்ணிக்குன்னு கழிப்பாங்கதானே. தூறலுக்குக் கழிக்க மாட்டாங்க. நல்லா நனைஞ்சிருந்தா அஞ்சு, ஆறுன்னு போகும். பத்தும் போகும். நாம சொல்றத அப்பிடியே எங்க சேர் எழுதிக்கிறாங்க? முழுசாச் சொன்னா கூட்டிச் சொல்றேன்னு நெனைப்பீங்க. அதான் நானே கழிச்சிட்டேன்."

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. முதல் நாள் அவர் 'ஒத்துக்குவாரா' என்று கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மழை நாளில் என் அம்மாவும் மடுவத்திலிருந்து இப்படித்தான் திரும்புவார். பாதி நாள் பறித்தது தண்ணீரில் போய்விட்டது என்பார். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று கடிதம் எழுதியவனும் நான்தான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று, தேவையில்லாமல் புனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பதுளைக்குத் திரும்பி, நடந்ததைப் பொறியியலாளரிடம் அப்படியே சொன்னேன். அவர் பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். "அப்படியானால் அந்த அம்மா நம் எல்லோரையும்விடச் சரியாக வாசித்திருக்கிறார். மானி அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

4. போத்தல்கள்

கழிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால் ஒருவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தால், உங்களுக்கு மனிதர்களைத் தெரியாது. அடுத்த அடைமழைக்கு இரண்டு கழித்தார். கேட்டால், "கை வர மாட்டேங்குது சேர்," என்றார்.

வழி கண்டுபிடித்தது லயத்துப் பெண்கள்தான். நான் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. பெரிய சோடாப் போத்தல் ஒன்றின் மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் புனல். அடியில் சீமெந்து ஊற்றி மட்டம் செய்து, பக்கத்தில் பிள்ளைகளின் அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி. ஆறு வீட்டு வாசலில் ஆறு போத்தல் முளைத்தது. காலையில் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்காம்பராவின் சுவரில் ஒரு கரும்பலகை. அவரவர் எண்ணை அவரவர் எழுத வேண்டும். நடுவில் எங்கள் மழைமானியின் எண்.

"தனியாச் சொன்னாத்தான் பயம். ஏழு பேரு சொன்னா யாரு கழிக்கிறது?" என்றார் பரமேஸ்வரி.

மாதம் ஒரு ஞாயிறு அங்கே போய் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். சராசரி எப்படிப் பார்ப்பது, மூன்று நாள் மழையை எப்படிக் கூட்டுவது, ஊற்று கலங்கினால் என்ன அர்த்தம். ஒரு போத்தல் எப்போதும் கூடுதலாகக் காட்டியது. ஏன் என்று அவர்களே மூன்று வாரம் மண்டையை உடைத்து, பக்கத்துக் கூரையிலிருந்து தெறிக்கிறது என்று கண்டுபிடித்து இடத்தை மாற்றினார்கள். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு குழு போட்டிருப்போம்.

பரமேஸ்வரி கழிப்பதை எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் பாடசாலை எண்ணும் அவர் எண்ணும் ஒன்றாக வரத் தொடங்கின.

5. மடுவத்தில்

அடுத்த வருஷ மழையில், ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு கோல் வந்தது. பரமேஸ்வரி அந்த நேரத்தில் கோல் எடுப்பவர் இல்லை.

"நூத்தி அம்பத்திரண்டு சேர். ஊத்து செவப்பா வருது."

உடனே எல்லோரும் கிளம்ப வேண்டும், தலைவரிடம் சொல்லுங்கள் என்றேன். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வாசித்துவிட்டு வந்து, பரமேஸ்வரி கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றிருந்தார். அங்கேதான் வேலையை மேற்பார்க்கும் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரும் இருந்தார். பரமேஸ்வரி போனை வெட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவரிடம் பேசினார். எனக்கு எல்லாம் கேட்டது.

"வேல நேரத்துல அப்பிடி எல்லாரையும் விட முடியாது பரமேஸ்வரி. ஒரு பத்துப் பதினஞ்சு முன்னப் பின்ன இருக்கும். கொறச்சுப் பாத்தா நூத்தி நாப்பதுதானே. சாயந்திரம் பாத்துக்கலாம்."

அந்த இடத்தில், அந்தத் தராசுக்கு முன்னால், அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட பேச்சு. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேசுங்கம்மா, பேசுங்கம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கொழுந்துல கழிங்க சேர். இதுல ஒண்ணுங்கூடக் கழிக்க முடியாது," என்றது அவர் குரல்.

பின்னாலிருந்து இன்னொரு பெண் சொன்னாள்: "எங்க போத்தல்ல நூத்தி நாப்பத்தொம்பது."

"எங்களுதுல நூத்தி அம்பத்தி மூணு." 

"நூத்தி அம்பத்தொண்ணு சேர், இப்பதான் பாத்திட்டு வாறேன்."

யாரோ தராசிலிருந்து கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு உத்தியோகத்தர், "சரி, போங்க. நடக்க முடியாதவங்கள கொழுந்து லொறியில ஏத்துங்க," என்றார். அந்த மனிதரையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மழையில் நனைந்துகொண்டு நான்கு நடை லொறியில் கூடவே போனவர் அவர். பொழுது சாய்வதற்குள் லயம் காலியாகிவிட்டது என்று தலைவர் சொன்னார். எல்லோரும் பாடசாலையில்.

6. எழுபத்தொரு பேர்

விடியற்காலையில் மலை இறங்கியது. அலுவலகத்துக்கு முதலில் வந்த செய்தி அவ்வளவுதான். பெரகலைப் பக்கம் பாதை அடைபட்டுவிட்டது, தலைவரின் போனும் பரமேஸ்வரியின் போனும் வேலை செய்யவில்லை. பாடசாலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தும் பயம் விடவில்லை. யாராவது ஆட்டைப் பார்க்க, உடுப்பு எடுக்க என்று திரும்பிப் போயிருந்தால்?

ஆறரை ஆயிற்று, கோல் இல்லை. ஏழரை, இல்லை. எட்டேகாலுக்கு வந்தது.

"வணக்கம் சேர். மழமானி மண்ணுக்குள்ள போயிருச்சு. அரசாங்கத்துச் சாமான், மன்னிச்சிருங்க. போத்தல் ஒண்ண கையோட கொண்டாந்தேன், அதுல முப்பத்தொம்பது இருக்கு."

"அத விடுங்கம்மா. ஆளுங்க?"

"எல்லாரும் இருக்கோம். வீடுதான் ஒண்ணும் இல்ல."

லயத்து ஆட்களின் அந்த மாதத்துப் பட்டியலில் எழுபத்தொரு பேர். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொன்னேன். கைக்குழந்தையிலிருந்து தொடங்கினார். மழைப் பதிவேடுதான் மேசையில் திறந்திருந்தது, அதிலேயே எழுதினேன். 'குறிப்புகள்' என்ற பத்தி இரண்டு விரல் அகலம். பெயர்கள் அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போயின. பொறியியலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவியைப் பொருத்த அரை நாள் போதும். ஒருவர் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதற்கு, கேட்கிறவர் நம்புவார் என்ற தைரியம் வேண்டும். அதைக் கொடுப்பதும் நம் வேலைதான். எனக்கு அது ஓய்வு பெறும் வயது நெருங்கியபோதுதான் விளங்கியது.

பரமேஸ்வரி சொல்லி முடித்தார். எண்ணினேன். எழுபது. மறுபடி எண்ணினேன், எழுபதுதான்.

"ஒரு ஆள் கொறையுதேம்மா," என்றேன். "யாரு இல்ல?"

அந்தப் பக்கம் அவர் பெயர்களை முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அது நான்தான் சேர்," என்றார்.

அவர் பெயரை எழுதினேன்.