புள்ளிக்கோடு

பெங்களூரில் நான் வேலை பார்த்த எண்ணெய்த் தேடல் அலுவலகத்தில் அவர் மூத்த நிலவியலாளர். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். பூமிக்குள் அதிர்வு அனுப்பி எடுத்த படங்களை நான் நீளத் தாளில் அச்சடித்துக் கொடுப்பேன். அவர் அதன்மேல் பாறை அடுக்குகளை வரைவார். கிணறு தோண்டிப் பார்த்த இடத்தில் முழுக்கோடு, தோண்டாத இடத்தில் புள்ளிக்கோடு. "படத்தை நம்பாதப்பா. தோண்டிப் பார்த்தாத்தான் நிஜம்" என்பார்.

அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. முற்றிவிட்டது, ஆபரேஷனால் பயனில்லை என்றார் டாக்டர். அந்த அம்மாவும் வேண்டாம் என்றாராம். இவருக்கு மனசு ஆறவில்லை. கேன்டீனில் என்னிடம், "நீ என்னப்பா சொல்றே?" என்று கேட்டார்.

"தோண்டிப் பார்த்தாத்தானே சார் நிஜம்?" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

ஜோகுபாளையத்தில் அவர் வீட்டில் அந்த அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்தார். "திறந்து பார்த்துட்டு அப்படியே தைச்சுட்டாங்கப்பா. ஸ்கேன் சொன்னதுதான் சரி. அப்புறம் அவ எழுந்திருக்கவே இல்ல" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அன்று அவர் வரைந்துவிட்டுப் போன தாளை எடுத்துப் பார்த்தேன். கிணறு இருந்த இடத்திலும் புள்ளிக்கோடுதான் போட்டிருந்தார்.