வேலிக்கு வெளியே விட்டு வந்த தகரம்

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். எழுத எங்கே வரும்? மறதியும் வந்துவிட்டது. தகரக் கதையை எழுதி வை என்று மகள்தான் விடாமல் கேட்கிறாள். அது நடந்தபோது அவள் ஒன்றரை மாதக் குழந்தை.

வெள்ளைக்காரன் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. என் மாமனார் சப்பான்காரன் வருவதற்கு முன்னால் கட்டியது. பலகைச் சுவர், மேலே கனத்த தகரம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அத்தைக்கு அந்தக் கூரையைப் பற்றிப் பேச அலுக்காது. "எங்க வீட்டுக்காரரு போட்டது. ஒரு சொட்டு எறங்காது" என்பார். அது உண்மை. நான் வாழ வந்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் அந்த வீட்டில் மழைக்குச் சட்டி வைத்ததில்லை.

ஒரு காலையில் பட்டாளத்துக்காரர்களும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் வந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு யாரும் அரிசி கொடுக்கக் கூடாது; அதனால் தனியாக இருக்கிற குடும்பமெல்லாம் கம்பி வேலிக்குள் வந்துவிட வேண்டும் என்று கிராணி தாளைப் பார்த்துப் படித்தார். ஒரு லாரி, ஒரே நடை. கூரையைப் பிரிக்க நேரமில்லை.

"ரெண்டு மாசந்தான். வீடு எங்க ஓடிடப் போவுது" என்றார் கிராணி.

வேலிக்குள்ளே தொழிலாளிகளுக்குத் தோட்டம் கட்டிய வரிசை வீடு, லயமெல்லாம் நிரம்பியிருந்தது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் வேலி ஓரமாக நாலு வீடு அவசரமாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். மண் சர்க்காருடையது, வீடு மட்டும் நமக்கு. அதற்கே அடிபிடி. உள்ளே என்றால் கோழிக்கூண்டைக்கூட விலை கேட்டார்கள். எங்கள் வீட்டை இனாமாகத் தருகிறோம் என்றாலும் வாங்க ஆள் இல்லை.

நாங்கள் போய்ப் பார்த்தது நல்ல வெயில் காலம். என் வீட்டுக்காரர் மேலே அண்ணாந்து பார்த்து, "ஒழுகுமா கங்காணி?" என்று கேட்டார்.

"மழையே காணோம், என்னாத்த ஒழுகப் போவுது? வேணாட்டி சொல்லு, வெளிய மூணு பேரு நிக்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன்.

முதல் மழையில் தெரிந்தது. ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கூடத்துக்கு முந்தின வருடம் யாரோ தீ வைத்திருந்தார்கள். அந்தக் கூடத்துத் தகரம்தான் எங்கள் தலைக்கு மேலே. தீயில் வளைந்தது, வரிசையாகப் பழைய ஆணி ஓட்டை. பால்மரத்தில் கட்டுகிற மங்குகளைக் கொண்டுவந்து சொட்டுக்கு ஒன்றாக வைத்தேன். மங்கு நிறைய நிறைய ஊற்றுவதே வேலை. தொட்டிலைக் கட்ட ஒரு முழம் காய்ந்த இடம் தேடினோம்.

மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர்கள் நாங்கள். எதற்கும் ரப்பர் பால்தான் மருந்து என்ற நினைப்பு. இவர் ஒரு போத்தலில் பால் கொண்டுவந்து, துணியை நனைத்து ஓட்டை ஓட்டையாக ஒட்டினார். பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் பார்த்து அப்படியே செய்தார்கள். பத்து நாள் ஒழுகவில்லை. இவர் மாப்பிள்ளை மாதிரி நடந்தார். அப்புறம் வெயில் ஏறியது. தகரச் சூட்டில் பால் உருகிக் கறுத்துப் பிசுபிசுத்தது, வீடெல்லாம் கெட்ட நாற்றம். அடுத்த மழையில் தோல் உரிகிற மாதிரி உரிந்து ஒரு துண்டு தொட்டில் துணிமேல் விழுந்தது.

குழந்தைக்கு இருமல் கண்டது. வாரத்துக்கு அளந்து கொடுக்கிற அரிசியும் நனைந்து புளித்தது. இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொன்னார். ஈரத்தில் போடாதீர்கள் என்றார். எங்கே போடுவது?

அன்றைக்குச் சோறு போடும்போது சொன்னேன். "நம்ம தகரம் அங்க சும்மாதானே கெடக்குது."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் பாலை எடை போட்டுவிட்டு எல்லா ஆண்களும் வந்தார்கள், இவர் வரவில்லை. மூன்று மணிக்குமேல் வேலிக்கு வெளியே யார் நடமாடினாலும் சுடலாம் என்று உத்தரவு. பக்கத்து வீட்டு அக்கா குடத்தை இறக்கிவிட்டுச் சொன்னாள், "ஒன் வீட்டுக்காரரு பழைய வீட்டுப் பக்கம் போனாரே. நீ அனுப்புனியா?"

அத்தை என்னையே பார்த்தார். "அனுப்புனவ இவதான். நேத்து சோத்துல போட்டு அனுப்புனா. போடி, நீயே போயி வேலி கேட்டுல நில்லு. பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

போனேன். கேட்டுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகும் பெண்களைச் சோதனை போடுகிற சின்னக் கொட்டகை. அதன் ஓரத்தில் ஒண்டி நின்றேன். காவலுக்கு நின்றவர் கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர். தோட்டத்துத் திடலில் என் வீட்டுக்காரரோடு பந்து விளையாடியவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இவர் வெளியே இருப்பது தெரிந்துவிடும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உள்ளுக்குள்ளேயே அடித்துக்கொண்டது. "வீட்டுக்குப் போ" என்று அவர் கையைக் காட்டினார். நான் நகரவில்லை. மணி மூன்று அடித்து வெகுநேரம் ஆகிவிட்டது.

மழை கொட்ட ஆரம்பித்தது. மரங்களே தெரியவில்லை. அந்தச் சாம்பல் நிறத்துக்குள் பாதையில் ஏதோ அசைந்தது. தகரம் நடந்து வந்தது. கீழே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. தலைமேல் அடுக்கின தகரம் முன்னால் சரிந்து முகத்தை மறைத்திருந்தது.

"பெரெந்தி. சியாப்பா?" நில், யார் என்று காவல்காரர் கத்தினார்.

கால்கள் நிற்கவில்லை. எனக்கு உடனே விளங்கியது. தகரத்தில் மழை அடித்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேச்சே காதில் விழாது. ஒரு மாதமாக அதற்குக் கீழேதான் கிடந்தேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. காவல்காரர் இன்னொரு தரம் கத்தினார். பிறகு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார்.

"இந்தாங்க" என்று கூப்பிட்டேன். அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். அந்த மழையில் அது யாருக்கு என்ன சொல்லும்? கால்கள் வந்துகொண்டே இருந்தன. அப்போது அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். புருஷன் பெயரை வாயில் எடுக்காத வழக்கத்தில் வளர்ந்தவள். ரேஷன் கார்டுக்குக்கூட அத்தைதான் சொன்னார். அன்றைக்கு மூன்று தரம் கத்தினேன்.

இவருக்குக் கேட்கவே இல்லை. கேட்டவர் காவல்காரர். என்னைத் திரும்பிப் பார்த்து, அந்தப் பெயரைத் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். துப்பாக்கி இறங்கியது.

இவர் வேலி வாசல் வரைக்கும் வந்து தகரத்தை இறக்கின பிறகுதான் எங்களைப் பார்த்தார். "கீலாக்கா? பைத்தியமா நீ?" என்று காவல்காரர் திட்டினார். அடியில் அரிசி, தீனி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு தகரமாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு முனையைத் தானே பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்.

வீட்டில் அத்தைக்குச் சேதி முந்திவிட்டது. "புருசன் பேர கேட்டுல நின்னு ஏலம் போட்டாளாமே" என்றார். சொல்லிக்கொண்டே எனக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தார்.

"என்னான்னு கூப்பிட்ட? இப்ப ஒரு தரம் கூப்பிடு பாப்போம்" என்றார் இவர்.

"தெரியாது" என்றேன். அப்புறம் அவர் சாகும்வரை கூப்பிடவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஐந்து தகரம்தான் வந்தது. பழைய ஆணியை நிமிர்த்தி அதே ஓட்டையில் அடித்தார். தொட்டிலும் அரிசிப் பானையும் இருந்த பாதி காய்ந்தது, மறுபாதி ஒழுகிக்கொண்டே இருந்தது. இருமல் மெல்ல விட்டது. பாதி ஒழுகாத வீடு என்று கேள்விப்பட்டே நாங்கள் வாங்கினதைவிட அதிக விலைக்கு இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்த பிறகு அந்த வீடுகளைச் சீண்டுவார் இல்லை. நாங்கள் சிரம்பான் டவுனுக்குக் குடிபோகும் சமயம் கடைசியாக ஒரு குடும்பம் பார்க்க வந்தது. இவர் விலை பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண் என்னிடம், "ஒழுகுமாக்கா?" என்றாள். இடுப்பில் பிள்ளை.

"இந்தப் பாதி ஒழுகாது. அது ஒழுகும்" என்று கையைக் காட்டினேன். விலை அங்கேயே இறங்கிவிட்டது. இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உத்தரவு மூன்று மணிக்கா, நாலு மணிக்கா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. தகரம் ஐந்து என்று மகளிடம் சொல்லி வந்தேன், ஆறாகவும் இருக்கலாம். காவல்காரர் துப்பாக்கியைத் தோள்வரை ஏற்றினாரா, இல்லை என் பயத்தில் அப்படித் தெரிந்ததா, அதுவும் தெரியாது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எது சரி என்று என் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் எழுதினது தப்பாக இருந்தால் அவள் திருத்திக்கொள்வாள்.