தெருமுனையில் நின்ற மாரியம்மன்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. மில் சங்கு மட்டும் பழையபடியே ஊதுகிறது. மில்லுக்குப் பின்னால் உள்ள தொழிலாளர் தெருவில் நண்பனைப் பார்க்கப் போகிறேன். தெருமுனையில் வேப்பிலைத் தோரணம். அதன் கீழே, தலையில் பஞ்சுத் தூசியோடு, வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் வழியை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து ஊரில் பெரியம்மை பரவியிருக்கிறதாம்.

"சட்டைக் கைய மேல ஏத்துங்க. அம்மை ஊசி குத்தின தழும்பு இருக்கான்னு பாக்கணும்" என்கிறார் மூத்தவர்.

"சர்க்கார் உத்தரவா?"

"எங்க தெரு உத்தரவு. போன வருசம் புள்ளைங்கள வாரிக் குடுத்துட்டு நின்னோம். இனிமே குடுக்க மாட்டோம்."

"மாரியம்மனுக்குக் கோபம் வராதா?" என்று சிரித்தபடி கேட்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. "போன வெள்ளிக்கிழமை ஆத்தா ஊர்வலம் வந்துது. பல்லக்குத் தூக்கினவங்கள்ல ரெண்டு பேருக்குத் தழும்பு இல்ல. ஆத்தாளையே இங்க நிக்க வச்சிட்டோம். தழும்பு இருக்கிறவங்க வந்து தோள் குடுத்தப்புறம்தான் அவ உள்ள வந்தா."

சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்கிறது. நான் சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டு, என் முறைக்காக நிற்கிறேன்.