முதலாவது யாருக்குப் போயிற்று?

அக்காவின் கல்யாணம் நின்றுபோனதற்கு ஓர் இங்கிலீஷ் பாட்டு சிடிதான் காரணம் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். அந்தப் பார்சலை என் கையால் பிரித்தவள் நான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டிய கொட்டகையில் எங்களுக்கு ஆறு தறிகள் ஓடின. ஓமலூர்ப் பக்கத்து மாப்பிள்ளைக்கு அக்காவைப் பிடித்துப்போய், பூவும் வைத்துவிட்டு, அவர் லண்டனுக்கு வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் இருந்தது லண்டனே இல்லை, வேறு ஏதோ ஊர். எங்கள் வீட்டில் இங்கிலாந்து முழுவதுமே லண்டன்தான். ஆவணியில் கல்யாணம்.

ஆடியில் பார்சல் வந்தது. கைக்கடிகாரமா, செண்ட் பாட்டிலா என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, உள்ளே ஒரே ஒரு சிடியும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன. அட்டைப்படத்தில் கண்ணுக்கு மை தீட்டிய மூன்று ஆண்கள் எங்களை முறைத்தார்கள். அக்கா காலேஜ் முடித்தவள். ஆனால் மாப்பிள்ளை எழுதியதைப் பெண்ணே எல்லார் முன்னாலும் படிப்பது அழகில்லை என்று அத்தை சொல்லிவிட்டதால் கடிதம் என்னிடம் வந்தது. வேன் வைத்து இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பியது வீண்போகவில்லை என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழிலும் சொன்னேன். இது இந்த ஊர் பேண்டு. கிடார் இல்லை, மேளம் இல்லை, எல்லாமே மெஷினில் வாசிப்பது. இது அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். உனக்கு இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன்.

"ரெண்டாவதா?" என்றாள் அத்தை. "அப்ப மொதலாவது ஆருக்குப் போச்சு?"

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சீர் செய்முறைகளில் அவள் வைத்ததுதான் சட்டம். முதல் தேங்காய் சாமிக்கு, முதல் வெற்றிலை தாய்மாமனுக்கு என்று, எதிலும் முதலாவது யாருக்கு என்பதில்தான் அவளுக்குக் கண். அவள் கேட்டதும் எல்லோருக்கும் அது நியாயமான கேள்வியாகப் பட்டது. எனக்கும்தான்.

"இரு அக்கா, மொதல்ல பாட்டக் கேப்போம்," என்று அப்பா டிவிடி பிளேயரில் போட்டார். டக் டக்கென்று ஒரு சத்தம் ஒரே சீராக ஓட, அதன்மேல் ஒருவன் தூக்கத்தில் பேசுவதுபோல் பாடினான். "இதுக்கு நம்ம தறியே தேவல," என்றார் அப்பா. அக்கா மட்டும் பிளேயரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளே பேசினாள்.

"பேண்டுன்னா மொதல்ல ஒண்ணு போடுவாங்க, அப்பறம் இன்னொண்ணு போடுவாங்க. இதுல என்னங்கப்பா இருக்குது? இவங்க போட்டதுல ரெண்டாவதுதான் நல்லாருக்குமாம்."

"நல்லாருக்குமாம்னு உனக்கு ஆரு சொன்னது?" என்று கேட்டாள் அத்தை.

நான் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தேன். "இதுல அப்பிடி எழுதலைங்கத்தை," என்று என் பங்குக்கு உண்மையைச் சொன்னேன்.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. பூ வைத்த பெண் மாப்பிள்ளையோடு போனில் பேசுவதெல்லாம் எங்கள் வீட்டில் கேள்விப்படாத காரியம். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

அப்பா ஓமலூருக்குப் போன் போட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த மொதலாவத மாப்பிள்ளை ஆருக்குங்க குடுத்தாரு?"

மாப்பிள்ளையின் அப்பா எதில் முதலாவது என்று கேட்டிருப்பார் போல. அப்பாவுக்கும் சொல்லத் தெரியாமல் என்னைப் பார்த்தார். அதற்குள் அத்தை போனை வாங்கி, "அங்க வேற புள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டாள். இது அவருக்கு நன்றாகவே புரிந்தது. எம் பையனைச் சந்தேகப்படற ஊட்டுல எங்களுக்குப் பொண்ணு வேண்டாமுங்க என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

இரண்டு பக்கமும் பெரியவர்கள் போய் வந்தார்கள். சமாதானம் பேசப் போனவர்கள் ஆளுக்கொரு சண்டையோடு திரும்பினார்கள். பத்து நாளில், வந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் ஓர் எழுத்துக்கூடத் தப்பாகப் படிக்கவில்லையே?

பூ வைத்த சேலையை மடித்துப் பையில் வைத்தது அக்காதான். அதன்மேல் அந்தச் சிடி டப்பாவை வைத்தாள். மை தீட்டியவர்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு நான் டப்பாவைத் திறந்தேன். உள்ளே காலி.

"அக்கா, உள்ள சிடியே இல்..."

அவள் கை என் வாயை இறுக்கப் பொத்தியது. பக்கத்து அறையில் அத்தை இருந்தாள். நான் தலையை ஆட்டிய பிறகுதான் கையை எடுத்தாள். டப்பாவை மூடிப் பைக்குள் தள்ளி, ஜிப்பை இழுத்தாள். அத்தை வீட்டு மாமா அதை வண்டியில் மாட்டிக்கொண்டு போனார்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. நான் பக்கத்தில் போய் ஒட்டிப் படுத்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்து, எனக்குத் தெரிந்ததில் பெரியதைச் சொன்னேன்.

"அழுவாதக்கா. நான் பெருசாகி உனக்கு அந்த மொதலாவதையே வாங்கித் தாரேன்."

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி என் தலையைத் தடவினாள்.

"எனக்கு ரெண்டாவதே போதுஞ் சாமி," என்றாள்.

முதலாவது அவ்வளவு நன்றாக இருக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.