கப்பலுக்குப் போன தம்பி

குடியை விட வைக்க என் தம்பியைத் தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்துவிட்டு, "கப்பலுக்குப் போயிருக்கான்" என்று ஊரில் சொன்னேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில், மாமன் குடிகாரன் என்ற பேச்சு வரக்கூடாது என்று நினைத்தேன். எங்கள் கடலோர ஊரான மணப்பாட்டில் பல வீடுகளில் ஆண்கள் கப்பலில் வேலை பார்ப்பதால் யாரும் துருவிக் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் தெருச் செபக்கூட்டமான அன்பியத்தில், கடலில் இருப்பவர்களுக்காக மன்றாடும்போது அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். அவனைப் பார்க்க மட்டும் போகவில்லை. யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்?

சிகிச்சை முடிந்தது, கூட்டிப் போங்கள் என்று இல்லத்திலிருந்து சொன்ன பிறகுதான் போனேன். அங்கே, அன்பியத்தை நடத்தும் ரோஸ்லின் அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்குவாளியிலிருந்து மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாராவாரம் அன்பியத்துல இருந்து யாராச்சும் ரெண்டு பஸ் மாறி வாராங்கக்கா. நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்" என்றான் தம்பி.

நான் ரோஸ்லின் அக்கா பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சுமா கப்பல்ல இருக்கான்னு செபிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஏளா, நீ அப்பிடித்தான சொன்ன" என்றார் ரோஸ்லின் அக்கா. "எல்லார் முன்னாடியும் உன்னைய எதுக்குப் பொய்க்காரி ஆக்கணும்?"

அவர்களுக்கெல்லாம் அவன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான். எனக்கு மட்டும்தான் கப்பலில் இருந்தான்.